நம்ம வண்டி வரட்டும்

சங்கிலியில் தொங்கிய இன்ஜின் இந்த முறையும் உட்கார மறுத்தது. ஒரு விரல் அகலம்தான் இடித்தது. அந்த ஒரு விரலுக்காக மெக்கானிக் காலையிலிருந்து அதை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தான். இடுப்பு விட்டுப்போய்விட்டது. பட்டறைக்கு நடுவே அக்காவின் சின்னக் கார், பல் டாக்டரிடம் வந்த ஆள் மாதிரி வாயைப் பிளந்துகொண்டு நின்றது. உள்ளே போகவேண்டிய இன்ஜினோ விபத்தில் நொறுங்கிப்போன ஒரு பார்சல் வேனிலிருந்து வந்தது. சின்னப் பிள்ளையின் சட்டைக்குள் பெரிய ஆளை நுழைக்கிற வேலை. இன்ஜினைத் தாங்கும் இரும்புச் சட்டங்கள் ஓர் இடத்தில் இருந்தால் வண்டியின் துளைகள் வேறோர் இடத்தில் இருந்தன. ஒயர்களின் நிறம் ஒத்துவரவில்லை, ரேடியேட்டர் குழாய் எட்டவில்லை. வேறு யாராவது இப்படி ஒரு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்திருந்தால், "இதைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு வேற வாங்குங்க, எனக்கும் உங்களுக்கும் நிம்மதி" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பியிருப்பான். அக்காவிடம் அதைச் சொல்ல முடியாது. சொல்லிப் பார்த்தும் ஆயிற்று.

"வேற வண்டியில அவர் ஏற மாட்டார்டா" என்றாள் அக்கா. அவ்வளவுதான் சொன்னாள். அதற்குமேல் என்ன சொல்ல இருக்கிறது?

அக்காவின் வீட்டுக்காரர், மாமாவுக்கு மறதி நோய். முப்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். கல்யாணப் பத்திரிகையில் ஒரு புள்ளி விட்டுப்போனால்கூட அவருக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு இப்போது மகளின் முகம் சில நாள் தெரிகிறது, சில நாள் தெரிவதில்லை. அவரைப் போன்றவர்களைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ள ஒரு மையம் இருந்தது. அக்கா காலையில் அவரை அங்கே விட்டுவிட்டு, பல் மருத்துவமனை வரவேற்பில் உட்கார்ந்து வேலை பார்த்து, மாலையில் கூட்டிக்கொண்டு வருவாள். அந்த ஏற்பாட்டில்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது. காரின் பழைய இன்ஜின் நடுரோட்டில் இறுகிப்போய் நின்ற அன்றைக்கு அது குலைந்தது. வாடகைக் கார் வரவழைத்தார்கள். மாமா கதவைப் பிடித்துக்கொண்டு ஏற மாட்டேன் என்றார். பக்கத்து வீட்டுக்காரர் தன் வண்டியைக் கொண்டுவந்தார். அதில் பாதி வழியில் மாமா கதவைத் திறந்துவிட்டார். அன்றைக்கு அக்காவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. வெளியூரிலிருக்கும் மகள் போனில் அழுதாள். "அம்மா, அங்கேயே தங்க வெச்சுப் பார்த்துக்கிற இடத்துல சொல்லி ஒரு ரூம் பிடிச்சிருக்கேன். இந்த வாரக் கடைசி வரைக்கும்தான் வெச்சிருப்பாங்க. யோசிச்சுச் சொல்லு."

அக்கா யோசித்தாள். பட்டறைக்கு வந்து, கிரீஸ் படாத ஒரே ஸ்டூலைத் தேடி உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "சில நாள் எனக்கே அனுப்பிடலாம்னு தோணுதுடா. அப்படித் தோணுற அன்னிக்கு அவருக்குப் போடற சோத்துல ஒரு கரண்டி அதிகமா வெச்சுடறேன்." பிறகு காரைப் பார்த்தாள். "இது ஓடணும். இதுவேதான் ஓடணும். அவர் சீட்டு, அவர் கதவு. உள்ள என்ன வேணா மாத்திக்கோ, அவருக்கு என்ன தெரியப்போகுது."

பழைய இன்ஜினுக்கு உதிரிபாகம் வருவது நின்று வெகு காலமாகிவிட்டது. அதனால்தான் இந்த வேன் இன்ஜின். அறுத்தான், பற்றவைத்தான், அளந்தது தப்பாகி மறுபடி அறுத்தான். கூட வேலை பார்த்தவன் தனியாகக் கடை போட்டுப் போனதிலிருந்து ஜாக்கியை மிதிக்கவும் இவன்தான், விளக்கைப் பிடிக்கவும் இவன்தான். விளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை செய்யப் பழகியிருந்தான். மற்ற வண்டிக்காரர்கள் போன் போட்டுக் கத்தினார்கள். "நாளைக்கு" என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னான். ஒருவழியாக அந்த ஒரு விரல் இடம் கிடைத்து இன்ஜின் உட்கார்ந்தபோது சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. ஆனால் சாவியைத் திருப்பினதும் அது எழுந்த விதத்தில் அவனுக்கே ஆச்சரியம். ஒரே திருப்பு. முக்கல் இல்லை, முனகல் இல்லை. பழையது மூன்று சிலிண்டர், நின்ற இடத்தில் ஜுரம் வந்த ஆள் மாதிரி நடுங்கும். இது நான்கு சிலிண்டர். போதாததற்கு மவுண்டிங் ரப்பர்களை, அதாவது இன்ஜினின் ஆட்டம் வண்டிக்கு ஏறாமல் தாங்கும் கட்டைகளை, தேடித் தேடி நல்லதாகப் போட்டிருந்தான். டீ கிளாஸை இன்ஜின் மேலேயே வைத்துப் பார்த்தான். டீ சலனமில்லாமல் இருந்தது. நல்லாத்தான்டா செஞ்சிருக்கே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, அந்த டீயைக் குடித்தான்.

வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாவியைக் கொடுக்கும்போது ஒரு பெருமை வார்த்தையும் சொன்னான். "அக்கா, இனிமே நீ இதைத் திட்ட வேண்டியதே இல்ல."

அக்கா சிரித்துவிட்டாள். காலையில் அந்தக் காரை அவள் எழுப்புகிற கூத்து தெருவுக்கே தெரியும். சாவியைத் திருப்புவாள், அது இருமும், இவள் திட்டுவாள், மறுபடி இருமும். அவள் திட்டு முடிந்தால்தான் பள்ளிக்கூட வேன் வரும் என்று எதிர்வீட்டில் கணக்கு வைத்திருந்தார்கள். வண்டி பெட்ரோலில் ஓடுகிறதா, வாயால் ஓடுகிறதா என்று அவனே பலமுறை கேலி செய்திருக்கிறான்.

மறுநாள் காலை, பார்க்க வந்திருந்த மெக்கானிக் பக்கத்தில் நிற்க, அக்கா சாவியைத் திருப்பினாள். சத்தமே இல்லாமல் வண்டி எழுந்துகொண்டது. மாமா குளித்து, தலை வாரி, சட்டைப் பையில் பேனாவைச் செருகிக்கொண்டு வாசல் படியில் வந்து நின்றார். காரைப் பார்த்தார். அதே மங்கின நீலம், கதவில் அதே நெளிசல், சீட்டுறையில் அதே கிழிசல். பழையதைப் போலவே பழையதாக நின்றது. அவர் படியைவிட்டு இறங்கவில்லை.

"ஏங்க, வாங்க. நேரமாச்சு" என்றாள் அக்கா.

"நீங்க போங்க" என்றார் மாமா, மரியாதையாக. "நம்ம வண்டி வரட்டும். நான் நிக்கிறேன்."

"இதாங்க நம்ம வண்டி."

"இல்லம்மா. நம்ம வண்டி வரும்." பிறகு மெக்கானிக்கைப் பார்த்து, "தம்பிக்கு யார் வேணும்?" என்று கேட்டார். இருபத்தைந்து வருஷம் மாப்ள, மாப்ள என்று கூப்பிட்ட வாய். மெக்கானிக் அவர் பக்கம் போனான். கையைப் பிடித்து இழுத்தால் முரண்டு பிடிப்பார், வேண்டாம் என்றாள் அக்கா. மத்தியானம் வரைக்கும் மாமா அந்தப் படியிலேயே நின்றார். கோபமில்லை, அவசரமில்லை. ஒவ்வொரு வண்டி தெருவில் திரும்பும்போதும் எட்டிப் பார்த்துவிட்டு, இது இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டார். அக்கா வேலைக்குப் போன் போட்டு ஏதோ பொய் சொன்னாள். வாரக் கடைசிக்கு இன்னும் ஒரு நாள்தான் பாக்கி.

வண்டியோடு பட்டறைக்குத் திரும்பி மெக்கானிக் வெகு நேரம் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றான். கண்ணுக்கு எல்லாம் பழையபடிதான் இருந்தது. அப்படியானால் காதுதான். வேறென்ன? நடுக்கம் இல்லை, கடகடப்பு இல்லை. மாமாவின் முழங்காலுக்கு நேரே இருக்கும் டேஷ்போர்டுப் பெட்டியின் மூடி ஓயாமல் தாளம் போடும், அதுவும் நின்றுபோயிற்று. தான் நன்றாகச் செய்ததே வினையாகிவிட்டது என்று தோன்றியதும் அவனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இன்ஜினோடு குடித்தனம் நடத்துகிறவனுக்கு எல்லாவற்றுக்கும் இன்ஜின்தான் காரணமாகத் தெரியும். நல்ல ரப்பர் ஒன்றைக் கழற்றினான். அதன் இடத்தில் வெறும் இரும்புத் துண்டை வைத்து முறுக்கினான். தொழில் தெரிந்த எவனும் செய்யாத வேலை, யாராவது பார்த்தால் காறித் துப்புவார்கள். ஸ்டார்ட் செய்தான். ஸ்டியரிங் நடுங்கியது, கண்ணாடி நடுங்கியது, பெட்டி மூடி பழைய தாளத்தை ஆரம்பித்தது. கை ஓய்ந்துபோயிருந்தது. சாமான்களை எடுத்துக்கூட வைக்காமல் போய்ப் படுத்துவிட்டான்.

காலையில் அவனே வண்டியை ஓட்டிக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் நிறுத்தினான். அணைக்கவில்லை. வண்டி ஜன்னி கண்ட மாதிரி ஆடிக்கொண்டு நின்றது. மாமா படிக்கு வந்தார். பேனா, வாரின தலை. பார்த்தார். பெட்டி மூடி கடகடவென்றது. மெக்கானிக் அவர் காலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நம்ம வண்டி வரட்டும்" என்றார் மாமா.

அக்கா ஓட்டுகிற சீட்டில் போய் உட்கார்ந்தாள். எங்காவது உட்காரவேண்டும் போலிருந்ததால் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். இன்ஜினை அணைத்தாள். "போதும்டா. நீயும் எவ்வளவுதான் செய்வே. மககிட்ட சொல்லிடறேன், ரூமை எடுத்துக்கச் சொல்லி." அவள் குரலில் அழுகைகூட இல்லை. 

"ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணுக்கா. ஆட்டத்தை இன்னும் கொஞ்சம் ஏத்தி விட்டுப் பார்க்கிறேன்."

அக்கா சாவியைத் திருப்பினாள். டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடி திருப்பினாள். டக். மெக்கானிக்குக்கு உடனே உறைத்தது. இரும்புத் துண்டு வைப்பதற்காக, பேட்டரியிலிருந்து இன்ஜினுக்கு வரும் எர்த் ஒயரைக் கழற்றியிருந்தான். திரும்ப மாட்டும்போது விரலால் திருகினதோடு சரி, ஸ்பானர் போட மறந்துவிட்டான். வண்டி ஆடின ஆட்டத்தில் அது கழன்றிருக்கும். தொழிலுக்கு வந்த புதிதில்கூட இப்படி ஒரு தப்பு செய்ததில்லை. ஸ்பானரை எடுக்கக் குனிந்தான்.

"எந்திரிடி" என்றாள் அக்கா.

அவன் நிமிர்ந்தான். அக்கா ஸ்டியரிங்கை உள்ளங்கையால் ஓர் அடி அடித்தாள். "ஊரே எழுந்து வேலைக்குப் போயாச்சு, உனக்கு மட்டும் இன்னும் விடியலையா? திங்கறது மட்டும் வயிறு முட்டத் திங்கத் தெரியுது. எத்தனை பேர் சொன்னாங்க, இதைத் தலைமுழுகிட்டு வேற பாருன்னு. கேட்டேனா? உன்னைக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறேன் பாரு, என்னைச் சொல்லணும். எந்திரி, மூதேவி."

வாசலில் யாரோ சிரித்தார்கள். மாமாதான். படியில் நின்றபடி, தோள் குலுங்க, சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு இறங்கினார். பாதையில் கிடந்த டூல் பெட்டியைச் சுற்றிக்கொண்டு வந்து, தன் பக்கத்துக் கதவைத் திறந்து, எப்போதும்போல முதலில் பேனாவைப் பிடித்துக்கொண்டு, பிறகு தலையைக் குனிந்து உட்கார்ந்தார்.

"பாவம், திட்டாதே" என்றார். "வயசான உடம்பு. மெதுவாத்தான் எந்திரிக்கும்." வருஷக்கணக்காகத் தினமும் சொன்ன அதே பதில்.

அக்கா அப்படியே உட்கார்ந்திருந்தாள். மெக்கானிக் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டான். எர்த் ஒயரை முறுக்க அவ்வளவு நேரம் ஆகாது. ஆனாலும் முகத்தைத் துடைத்துக்கொள்ளக் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது. முறுக்கின பிறகு வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. மாமா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு போனார்.

மாலையில் மையத்திலிருந்து திரும்பும் வழியில் வண்டி பட்டறைக்கு வந்தது. மாமா முன் சீட்டிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். மெக்கானிக் இரும்புத் துண்டைக் கழற்றி எறிந்துவிட்டு நல்ல ரப்பரைத் திரும்பப் போட்டான். அவரை எழுப்பாமல் மெதுவாக ஜாக்கியை இறக்கினான்.

"அக்கா, இனிமே இது மக்கர் பண்ணாது" என்றான். "ஆனா நீ திட்டு."

"ஓடற வண்டியை எதுக்குடா திட்டணும்?"

"சாவியைத் திருப்பறதுக்கு முன்னாடி திட்டு. அவர் வந்து உட்கார்ந்த பிறகு திருப்பிக்கோ."

அக்கா கண்ணாடி வழியாக மாமாவைப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. "இனிமே திட்ட வேண்டாம்னு நீ சொன்னப்போ, அப்பாடான்னு இருந்துச்சுடா" என்றாள். "காலங்காத்தால தொண்டை வலிக்க ஒரு வேலை குறைஞ்சுதுன்னு நினைச்சேன்." பிறகு போனை எடுத்து, மகளுக்கு ரூம் வேண்டாம் என்று சொன்னாள். இப்போதைக்கு வேண்டாம் என்றாள். எத்தனை நாளைக்கு என்று மகள் கேட்டிருக்க வேண்டும். அக்கா காரின் கூரையில் ஒட்டியிருந்த காய்ந்த இலையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்து மையம் திறக்கிற நாளன்று காலை மெக்கானிக் பட்டறைக்குப் போகாமல் நேரே அக்கா வீட்டுக்கு வந்தான். வேலை ஒன்றுமில்லை, சும்மா கேட்டுக்குப் பக்கத்தில் நின்றான். அக்கா காரில் உட்கார்ந்திருந்தாள். சாவி திருப்பப்படாமல் தொங்கியது. ஒரு குறையும் இல்லாத அந்த வண்டியை அவள் திட்டிக்கொண்டிருந்தாள். "எந்திரிடி. ஊரே எழுந்து வேலைக்குப் போயாச்சு" என்று ஆரம்பித்து, திங்கறதில் போய், தலைமுழுகுவதில் வந்து, மாரடிப்பதில் நின்றாள். வாசலில் யாரும் வரவில்லை. அவளுக்கு வார்த்தை தீர்ந்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து, "எந்திரிடி" என்றாள்.

உள்ளே கூடத்தில், ஒரு காலில் மட்டும் ஷூ போட்டுக்கொண்டு, மற்றதைக் கையில் பிடித்தபடி, மாமா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.