பக்கத்தில் அடங்காத வரி

கறையக்கா என்பது வலைப்பூ வாசகர்கள் அவளுக்கு வைத்த பெயர். ஒரு பெரிய ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் பிரிவுக்குப் பல வருடம் மேற்பார்வையாளராக இருந்தவள். ஓட்டலை வாங்கிய புது ஆட்கள் அதை இடித்துவிட்டு அலுவலகக் கட்டடம் எழுப்ப முடிவு செய்தபோது வேலை போனது. அவளுக்குச் சும்மா உட்கார்ந்தால் கை அரிக்கும். மெத்தையில் குழந்தை நனைத்த இடம், சட்டைப் பையில் ஒழுகிய பேனா, குளியலறைக் கண்ணாடியில் படியும் உப்பு என்று தனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதிப் போட ஆரம்பித்தாள். மளமளவென்று ஆட்கள் சேர்ந்தார்கள்.

ஓரத்தில் விளம்பரம் ஓடினால் காசு வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். விளம்பரம் என்னவோ ஓடியது. வந்த காசு செருப்புத் தைக்கக்கூடக் காணாது.

வழி காட்டியவள் நாத்தனார்தான். அச்சகம் ஒன்றில் பக்க வடிவமைப்பு செய்பவள்.

"அண்ணி, ஊரே உங்க எழுத்த ஓசியில படிச்சிட்டிருக்கு. புஸ்தகமாப் போட்டு விலை வைங்க."

"அச்சடிக்க யாரு முதல் போடறது?"

"அச்சே வேணாம். பிடிஎஃப்பா செஞ்சு உங்க பிளாக்லயே வைப்போம். பணம் கட்டினா அதுவா மெயில்ல போய்ச் சேர்ந்துடும். ஒரு தடவை செஞ்சா போதும், நீங்க தூங்கினாலும் அது பாட்டுக்கு வித்துக்கிட்டிருக்கும்."

நாத்தனார் சொன்னதில் ஒன்று மட்டும் பலிக்கவில்லை. புத்தகம் விற்பனைக்கு வந்த நாளிலிருந்து கறையக்கா தூங்கவில்லை. ஒவ்வொரு பிரதி விற்கும்போதும் போன் 'டிங்' என்றது. காய் நறுக்கும்போது ஒரு கண் போனில் இருந்தது. குளிக்கப் போனால் போனைக் குளியலறை வாசலில் நாற்காலி போட்டு வைத்துவிட்டுப் போனாள். சத்தம் வராத நேரத்தில் போன் கெட்டுவிட்டதா என்று பார்க்கக் கணவனைக் கூப்பிடச் சொன்னாள்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். "லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்களக்கூட நான் இத்தனை தடவை எட்டிப் பார்த்ததில்ல" என்றான்.

வாங்கியவர்களில் அவளுக்கு மிகவும் பிடித்தவன் 'தனிக்கட்டை'. அந்தப் பெயரில்தான் வலைப்பூவில் பின்னூட்டம் போடுவான். எல்லாப் பதிவுக்கும் வந்துவிடுவான். புத்தகம் வெளியான அன்றே வாங்கிவிட்டு எழுதியிருந்தான்: 'அக்கா, வாங்கியாச்சு. வர்ற ஞாயிற்றுக்கிழமை என் பாத்ரூமுக்கு விடிவுகாலம்.' அதை அவள் கணவனுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள்.

அந்த ஞாயிறு முடிந்து திங்கட்கிழமை காலை. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள அவள் பல் மருத்துவரிடம் போயிருந்தாள். அவளுக்கு முன்னால் ஆட்கள் இருந்தார்கள். மேசையில் கிடந்த பழைய பத்திரிகைகளைத் தொடப் பிடிக்காமல் போனை எடுத்துத் தன் புத்தகத்தையே திறந்தாள். இது எத்தனையாவது தடவை என்று அவளுக்கே தெரியாது. தான் எழுதியதைப் புத்தக வடிவில் பார்ப்பது புதுச் சேலையைப் பிரித்துப் பிரித்து மடிப்பது போலிருந்தது.

குளியலறை அத்தியாயம் வந்தது. உப்புக்கறை மேல் வினிகரைத் தெளித்து ஊறவிடுங்கள் என்று ஒரு வரி. கறுப்புப் பூசணம் பிடித்த இடத்தில் ப்ளீச் திரவத்தை ஊற்றிக் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள் என்று அடுத்த வரி.

அவள் மறுபடி படித்தாள். நடுவில் ஒரு வரி இருக்க வேண்டும். வலைப்பூவில் இருந்தது. 'வினிகரை நன்றாகக் கழுவிவிட்டு, ப்ளீச்சை வேறொரு நாள் மட்டுமே பயன்படுத்துங்கள். இரண்டும் சேர்ந்தால் விஷப்புகை கிளம்பும்.' ஓட்டலில் புதிதாக வருகிற ஒவ்வொருத்திக்கும் அவள் முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம் அது.

அந்த வரி எங்கே போனது என்பது உடனே நினைவுக்கு வந்தது. வடிவமைப்பு முடிகிற நேரத்தில் நாத்தனார் போனில் கேட்டிருந்தாள்: "ஒரே ஒரு வரி அடுத்த பக்கத்துக்கு வழியுது அண்ணி, பார்க்க அசிங்கமா இருக்கு. எதையாவது வெட்டுங்க." இவள் துணி காயப்போட்டுக்கொண்டே பதில் சொன்னாள்: "அந்த 'நன்றாகக் கழுவிவிட்டு'ன்னு வருதே, அந்த வரிய எடுத்துடு. கழுவாம யாராவது விடுவாங்களா?" வரியின் முதல் பாதிதான் அவள் மனதில் இருந்தது. இரண்டாம் பாதி இருப்பதே அப்போது தோன்றவில்லை.

உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். கறையக்கா எழுந்து எதிர்ப்பக்கம் நடந்து தெருவுக்கு வந்துவிட்டாள். பல்வலி இருந்த இடம் தெரியவில்லை.

நாத்தனாரை அழைத்து விஷயத்தைச் சொன்னாள்.

"அண்ணி, நான் ஒரு வரிய வெட்டணும்னுதான் சொன்னேன். எதுன்னு நீங்கதான்…"

"யார் சொன்னதுன்னு அப்புறம் உக்காந்து சண்டை போடலாம். மொதல்ல கடைய மூடு. வாங்கின எல்லாருக்கும் மெயில் அனுப்பு. அந்தப் பக்கத்துல இருக்கிறத செய்யவே கூடாதுன்னு பெரிய எழுத்துல போடு."

அரைமணி நேரத்தில் மெயில் போனது. பதில்கள் வர ஆரம்பித்தன. பேருந்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டே படித்தாள்.

'நல்லவேளை அக்கா, நான் இன்னும் படிக்கவே இல்லை.'

'லீவு போட்டுப் படிக்கலாம் என்று வைத்திருக்கிறேன்.'

'எந்தப் புத்தகம்?'

'என் போனில் திறக்கவே இல்லை. சொன்னால் தப்பாக நினைப்பீர்களோ என்று சொல்லவில்லை.'

இன்னும் நிறைய வந்தன. யாருமே படித்திருக்கவில்லை. போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. கூடவே இத்தனை 'டிங்' கேட்டுப் பூரித்துப் போனோமே, ஒருத்தராவது பிரித்துப் பார்த்தார்களா என்று ஒரு கோபம். அடுத்த நொடியே, அப்படி நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். படிக்காமல் இருந்ததுதான் அவர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

ஆனால் ஒருவன் படித்திருப்பான். தனிக்கட்டையிடமிருந்து மட்டும் பதில் இல்லை. தனியாக இன்னொரு மெயில் அனுப்பினாள். அதற்கும் இல்லை.

வீட்டுக்கு வந்தவள் உட்காரவில்லை. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே அவனுடைய பழைய பின்னூட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றில் கை நின்றது. பூசணம் போக முதலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று இவள் சொன்னதற்கு அவன் எழுதியிருந்தான்: 'எங்கேயிருந்து திறப்பது? ஹவுஸ் ஓனர் ஆணி அடித்து வைத்திருக்கிறார்.'

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவனின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அவன் பேரு தெரியாது, வீடு தெரியாது, எங்க போய்த் தேடுவ?" என்றான் அவன்.

"இந்த ஊர்தான். போன மாசம் தண்ணி நின்னப்போ எங்க ஏரியாவுலயும் வரலக்கான்னு எழுதியிருந்தான். கண்ணாடிக் கடையில வேலை. கடை பேங்குக்கு மேல இருக்காம். அங்க லிஃப்ட் வேலை செஞ்சதே இல்லன்னு ஒரு தடவை பொலம்பியிருக்கான்."

கணவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே நின்றான். முகம் மாறியது. "பேங்குக்கு மேலயா? வாசல்ல போட்டோ ஸ்டூடியோ இருக்குமே, அதுவா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்த லிஃப்ட் எங்க கம்பெனிதான்" என்றான் சுரத்தில்லாமல். "வா, வண்டியில ஏறு."

கண்ணாடிக் கடையில் முதலாளி ஒருவரே உட்கார்ந்து லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாடிப்படி ஏறி வந்த மூச்சிரைப்பில் அவளுக்கு எப்படிக் கேட்பதென்றே தெரியவில்லை.

"இங்க ஒரு தம்பி வேலை செய்யறாரு. தனியா இருக்காரு. பாத்ரூம்ல பூசணம் பிடிச்சிருக்குன்னு…"

"ஓ, அவனா! அவனுக்கு அத விட்டா வேற பேச்சே கெடையாதே" என்று சிரித்தார் முதலாளி. பிறகு சிரிப்பை நிறுத்தினார். "இன்னிக்கு வரல. போன் அடிச்சா எடுக்கல. நீங்க யாரு?"

"அக்கா" என்றாள். அது பொய்யா என்று யோசிக்க நேரமில்லை.

அவர் சொன்ன வீடு நாலு தெரு தள்ளி இருந்தது. தையல் கடைக்கு மேலே, இருட்டான நடையின் கடைசியில் ஒரு கதவு. தட்டினாள். பதிலில்லை. கையை மடக்கி இடித்தாள். கணவன் குனிந்து கதவிடுக்கில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "நாத்தம் ஒண்ணும் வரல" என்றான். அது நல்லதா கெட்டதா என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை. கணவன் கதவை உடைக்கலாமா என்று கண்ணாலேயே கேட்டான். உடைங்க என்று சொல்ல அவள் வாயெடுத்தபோது பின்னால் படியில் காலடிச் சத்தம் கேட்டது. யாரோ சில படி ஏறி நின்று, மறுபடி ஏறி, மறுபடி நின்று வந்தார்கள்.

ஒல்லியாக ஒருவன் வந்தான். கையில் மருந்துப் பொட்டலம். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன.

"யாரு வேணும்?" குரல் கட்டியிருந்தது.

"நீங்க… தனிக்கட்டையா?"

அவன் திகைத்தான். பிறகு அந்த வீங்கிய முகம் மலர்ந்தது. "கறையக்காவா? நெசமாவா? உள்ள வாங்கக்கா. வீடு கொஞ்சம் கன்னாபின்னான்னு கெடக்கும்."

அவள் அவன் காட்டிய ஸ்டூலில் உட்கார்ந்தாள். உயிரோடு இருக்கிறான். அது போதும் என்று முதலில் தோன்றியது. அவன் பேசப் பேச, போதாது என்று தெரிந்தது.

"நேத்து பாத்ரூம் கழுவினேன்க்கா. என்னமோ தெரியல, தொண்டைய யாரோ பிடிச்சு நெரிச்ச மாதிரி ஆயிடுச்சு. ஊர்ந்துதான் வெளிய வந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாரு. முகத்துல மாஸ்க் மாட்டி ராத்திரி முழுக்க வச்சிருந்தாங்க. இப்பதான் விட்டாங்க. போனு சார்ஜ் இல்லாம செத்துக் கெடக்கு." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "உங்ககிட்ட சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். அவ்வளவு தெளிவா எழுதிக் கொடுத்தும் நான் எங்கயோ சொதப்பியிருக்கேன் பாருங்க."

கணவன் அவளைப் பார்த்தான். பிறகு குளியலறைக்குள் போய்விட்டான்.

"நீங்க சொதப்பல தம்பி" என்றாள் கறையக்கா. "நீங்க ஒரு தப்பும் பண்ணல. புஸ்தகத்துலதான் தப்பு. ரெண்டையும் சேர்க்கவே கூடாதுன்னு ஒரு வரி இருந்துச்சு. நான் வெட்டிட்டேன்."

அவன் மருந்துப் பொட்டலத்தைக் கீழே வைத்தான்.

"ஏன் வெட்டினீங்க?"

"பக்கத்துல அடங்கல."

காலையிலிருந்து மனதுக்குள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்த காரணம்தான். அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னபோது, அது கேட்கச் சகிக்காததாக இருந்தது. அவன் சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு இருமலாக மாறியது. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினான். அவள் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக் குடித்தான். அதன்பின் அவளைப் பார்க்கவில்லை.

குளியலறையிலிருந்து டங் டங்கென்று சத்தம் வந்தது. ஆணிகளைப் பிடுங்கி ஜன்னலைத் திறந்துவிட்டு, கணவன் சுத்தியலோடு வெளியே வந்தான். "ஹவுஸ் ஓனர் கேட்டா லிஃப்டுக்காரன் பண்ணினான்னு சொல்லுங்க. என்கிட்ட பேசிக்கட்டும்."

"சரிண்ணே" என்றான் அவன். பிறகு மெதுவாக, "கெளம்புங்கக்கா. நான் படுக்கணும்."

மருந்துச் செலவு என்று அவள் ஆரம்பித்ததைக் கையசைத்து நிறுத்தினான். கதவு அவர்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

சாயங்காலம் நாத்தனார் திருத்திய பிரதியோடு வீட்டுக்கே வந்தாள். "அண்ணி, எல்லாம் சரி பண்ணிட்டேன். சத்தமில்லாம மாத்தி ஏத்திடலாம். மெயில் போனவங்களே யாரும் படிக்கல. வெளிய யாருக்குத் தெரியப் போவுது?"

"ஒருத்தன் இருமிட்டிருக்கான்."

"அத பிளாக்ல எழுதினா அதோட விற்பனை படுத்துடும். நானும்தான் ரெண்டு மாசம் கண்ணக் கெடுத்துக்கிட்டேன்."

"தெரியும்மா. உன் பேர எங்கயும் எழுத மாட்டேன். வெட்டச் சொன்னது நான்தான்னு எழுதறேன், அதுதானே நெசம்."

எழுதினாள். எந்தப் பக்கம், எந்த வரி, ஒருவருக்கு என்ன ஆனது என்று பூசி மெழுகாமல் வலைப்பூவின் தலைமாட்டில் போட்டாள். சிலர் கன்னாபின்னாவென்று திட்டினார்கள். சிலர் பணத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நாத்தனார் ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் அவளாகவே வந்து, அந்த எச்சரிக்கையைக் கட்டம் கட்டிப் புது எழுத்துருவில் போட்டுத் தந்தாள். விற்பனை மறுபடி ஆரம்பித்தது, முன்பைவிட மந்தமாக.

தனிக்கட்டை பின்னூட்டம் போடுவதை நிறுத்திவிட்டான். நெடுநாள் கழித்து ஒரு மெயில் மட்டும் வந்தது. 'இருமல் நின்றுவிட்டது, பயப்படாதீர்கள், திருத்திய பிரதி எனக்கு வேண்டாம்.' அவ்வளவுதான். அவள் நாலைந்து பதில் எழுதி அழித்துவிட்டு, 'நல்லா இருங்க தம்பி' என்று மட்டும் அனுப்பினாள்.

இப்போது துணிக்கறைகளைப் பற்றி இரண்டாவது புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறாள். எப்போதோ முடித்திருக்கலாம். ஒவ்வொரு வரியையும் செய்து பார்த்த பிறகே அடுத்த வரிக்குப் போகிறாள். கணவனின் சட்டைகளில் வேண்டுமென்றே மையும் கிரீஸும் கொட்டுகிறாள். போன் 'டிங்' என்றால் முன்போல ஓடிப்போய்ப் பார்ப்பதில்லை. கையிலிருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஒரு நிமிஷம் நிற்கிறாள். யாரோ ஒருவர் வாங்கியிருக்கிறார். இவர் படிப்பாரா, படிக்கமாட்டாரா?

"எப்பதான் முடிப்ப?" என்று கேட்டான் கணவன், போட்டுக்கொள்ள ஒழுங்கான சட்டையொன்றைத் தேடியபடி.

"ஒரு எடத்துல சந்தேகமா இருக்கு" என்றாள். வாளியை எடுத்துக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவிட்டு, மறுபடி துணியை நனைக்கப் போனாள்.