மீனம்பாள் சொன்ன வரி

தன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்த திங்கட்கிழமை, மீனம்பாள் சீயமங்கலத்திலிருந்து டவுன் பஸ் ஏறி செஞ்சிக்கு வந்து, தனியார் ஆஸ்பத்திரியின் பதிவு வரிசையில் ஐந்தாவது ஆளாக நின்றாள். கண்டக்டர் மகளிருக்கான இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்திருந்தார். செத்தவர்களுக்குக் கொடுக்கக் கூடாதென்று உத்தரவு எதுவும் இல்லை. முன்னால் நின்ற தொண்டூர்க்காரர் மட்டும், சாவுக்கு வர முடியாமல் போனதற்கு அவளிடமே வருத்தம் தெரிவித்தார்.

பதிவு கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் பீமாராவ்தான் அவளைப் பார்த்ததும் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். அங்கே யார் எதைப் பதிந்தாலும் கம்ப்யூட்டர் அதை முதலில் வரிசைக்கிரமமாக ஒரு லாக் ஃபைலில் குறித்துக்கொள்ளும். ஒன்று நிறைந்தால் அடுத்ததற்குப் போகும். நோயாளிகளின் விவரமெல்லாம் இருக்கும் டேட்டாபேஸ் படுத்துவிட்டால், முந்தின இரவின் நகலை ஏற்றி, அதன்மேல் இந்தக் குறிப்புகளை ஓட்டி எழுப்பிவிடலாம். அதனால் நிறைந்த ஃபைலை வேறு டிஸ்கில் நகலெடுத்த பிறகே அழிக்க வேண்டும். அவள் உயிரோடிருந்தபோது, ஆடியில் ஒரு திங்களன்று டிஸ்க் நிரம்பி எல்லாம் நின்றுவிட, வரிசையில் நின்றவர்கள் கத்தினார்கள். பீமாராவ் நகலெடுக்காமலே அழித்தான். அன்று மாலையே கரண்ட் போய் வந்ததில் டேட்டாபேஸ் படுத்தது. முந்தின இரவின் நகலை மட்டும் ஏற்றி, எல்லாம் சரியாகிவிட்டது என்று கூசாமல் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனான். அன்று காலை மீனம்பாள் சொன்ன ஒரு வரி அதில் இல்லை. மறுவாரம் காய்ச்சலில் நினைவு தப்பி வந்தவளுக்கு, திரையைப் பார்த்துவிட்டு ஊசி போட்டார்கள்.

அவள் முறை வந்தது. "பென்சிலின் ஊசி எனக்கு ஒத்துக்காதுப்பா. எழுதிக்கோ" என்றாள். எழுதினான். அடுத்த திங்களுக்குள் அந்த வரி தானாக மறைந்தது. அவள் மறுபடி வந்தாள். இப்படியே நான்கு வருடம். ஆஸ்பத்திரி இரண்டு முறை கம்ப்யூட்டரை மாற்றியது. பீமாராவுக்குக் கல்யாணமாகிப் பெண் பிறந்தாள். ஒவ்வொரு லாக்கையும் மூன்று இடத்தில் நகலெடுத்தான். ஒரு வாய்ச் சோறு நிம்மதியாக இறங்கவில்லை.

போன தையில் அவனால் தாங்க முடியவில்லை. "யக்கா, அன்னிக்கு அத்த அழிச்சது நான்தான்."

"தெரியும்பா" என்றாள். "அதான் உன்னாண்டயே வந்து சொல்லிகினு இருக்கேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினான். பின்னால் நின்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமைகளில் அந்த வரிசை கொஞ்சம் தாமதமாகத்தான் நகரும் என்பது செஞ்சியில் எல்லோருக்கும் தெரியும்.