மூன்றரை

“காலை மூடு பிள்ளை, சனம் வரப்போகுது.”

மங்கையற்கரசி மாமி சேலைக் கரையை இழுத்து, பெட்டிக்குள் கிடந்த ஜெயமலரின் வலது கால்மேல் விட்டார். கம்சனா அதைப் பிடித்து நிறுத்தினாள். முழங்காலுக்குக் கீழே மருத்துவர்கள் கீறித் தைத்த இடம் இன்னும் சிவந்துதான் இருந்தது. எரியூட்டும் மண்டபத்தின் பின்னறையில் இரண்டு பேரும் சேர்ந்துதான் அம்மாவுக்குச் சேலை உடுத்தி முடித்திருந்தார்கள். உடுத்தும் மட்டும் வாய் திறக்காமல் இருந்த மாமிக்கு இப்போதுதான் கண்ணில் பட்டது அந்தக் காயம்.

“ஏன் மாமி மூடவேணும்? அம்மா களவெடுக்கப் போயே காலை முறிச்சவா?”

“உனக்கு வாய் கூடிப்போச்சு. ஐம்பது கடந்த பொம்பிளை பனியிலை சறுக்கப் போய் விழுந்து செத்தவா எண்டு ஹம் நகரம் முழுக்கக் கதை. அதைத் திறந்துவேறை காட்டவேணுமே?”

கம்சனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்த நாளிலிருந்து வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு இதையேதான் சொன்னார்கள். ‘பாவம்’ என்பார்கள். அடுத்த மூச்சில் ‘இந்த வயசிலை இவவுக்கு ஏன் இந்த வேலை’ என்பார்கள். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள் என்று அவள் நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கையைக் கொண்டுபோய் எங்கே கொட்டுவது?

ஜெயமலர் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்தவர். கூட வேலை செய்த பெட்ரா ஒரு மாரிகாலத்தில் விடாப்பிடியாக வின்டர்பெர்க் பனிச்சறுக்கு மலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பிள்ளைகள் பழகும் சரிவில் அன்றைக்கு முழுவதும் விழுந்து விழுந்து எழும்பி, கன்னம் சிவக்க வீட்டுக்கு வந்து, “நான் சறுக்கினனான் பிள்ளை!” என்று கத்தினதைக் கம்சனா மறக்கமாட்டாள். புருசனுக்கும் மகளுக்கும் சமைத்து, இல்லத்துக் கிழவிகளைக் குளிக்க வார்த்து, கோயில் மடைப்பள்ளியில் கறிவேப்பிலை உருவி ஓடாய்த் தேய்ந்த மனுசி அது. தனக்கென்று ஒன்றை அவர் ஆசைப்பட்டுக் கேட்டதை மகள் அதற்குமுன் கண்டதில்லை.

இந்த மாரிக்குத்தான் சொந்தமாகச் சறுக்குப் பலகை வாங்கினார். கம்சனாவும் கூடப் போயிருந்தாள். காலில் போடும் சப்பாத்தைப் பலகையோடு பிடித்து வைத்திருக்கும் பூட்டுக்கு ஜேர்மன்காரர் பிண்டுங் என்பார்கள். அம்மாவின் கண் போனது சிவப்பாகத் தடித்த ஒன்றில். கடைக்காரப் பெண் மறுத்துவிட்டாள். அதன் இறுக்க அளவே ஐந்தில்தான் தொடங்குகிறது, பாரமான ஆட்களும் பாய்ந்து போகிறவர்களும் போடுவது, நீங்கள் விழுந்தால் அது உங்களை விடாது என்றாள். மூன்றில் தொடங்கும் இன்னொன்றை எடுத்து வைத்தாள். பிறகு நிறை, உயரம், சப்பாத்தின் அடி நீளம் எல்லாம் கேட்டாள். வேகமாகப் போவீர்களா, பயந்து பயந்து போவீர்களா என்றும் கேட்டாள். “பயந்துதான்” என்றார் அம்மா. வயதையும் கேட்டு, ஐம்பது தாண்டினால் இன்னும் குறைப்போம் என்று சொல்லி மூன்றரையில் நிறுத்தினாள். சப்பாத்தை ஒரு இயந்திரத்தில் பூட்டித் திருப்பிப் பார்த்து, சரியான விசையில் கழன்று கொடுக்கிறது என்று காட்டியும் விட்டாள்.

“போகேக்கை பிடிச்சிருக்கவேணும், விழேக்கை விடவேணும். அவ்வளவுதான் விசயம்” என்று அம்மா வீட்டுக்கு வரும் வழியில் சொன்னார். “எங்கடை இல்லத்திலையும் முந்தி விழுந்திடுவினம் எண்டு கிழவியளைக் கதிரையோடை கட்டி வைச்சவை. கட்டுண்டு கிடந்தவைதான் கதிரையோடை விழுந்து எலும்பை முறிச்சவை.”

இது முருகேசு மாமாவுக்கு விளங்காது. அவர் அம்மாவின் மூத்த தமையன், மங்கையற்கரசி மாமியின் புருசன். குடும்பத்தில் முதலாவதாக ஜேர்மனிக்கு வந்து, சகோதரங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எடுத்தவர். அந்த நன்றியில் அவருக்கு முன்னால் ஒருவரும் குரல் உயர்த்தியதில்லை. கம்பித் தொழிற்சாலையில் இயந்திரம் பூட்டி ஓய்வு பெற்றவர். சொந்தக்காரர் வீட்டில் சலவை இயந்திரம் நின்றாலும் கதவு கிறீச்சிட்டாலும் அவர்தான். கூப்பிடாவிட்டாலும் அவர்தான். இளகியிருப்பது எல்லாம் பிழை, இறுக்கி விட்டால் எல்லாம் சரி என்பது அவருடைய வேதம்.

தைமாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் எல்லாரும் அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா சிரித்துச் சிரித்துச் சொன்னார். “நேற்று விழுந்தன் அண்ணை! பலகை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.” எல்லாரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. “கழண்டு போற சாமானை உன்ரை தலையிலை கட்டி விட்டிருக்கிறாங்கள்” என்றார். கை கழுவிக்கொண்டு கீழே போனார். பலகை கிடந்த அம்மாவின் காரின் பின்கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து ஒரு கிளாஸ் மோர் குடித்தார். என்ன செய்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் எதையாவது திருத்துவதும் மற்றவர்கள் கேளாமல் இருப்பதும் அந்த வீட்டு வழக்கம்.

அடுத்த சனிக்கிழமை அம்மா விழுந்தது செங்குத்தான இடத்தில்கூட இல்லை. மேலே ஏற்றிவிடும் கம்பிவடத்துக்குப் பக்கத்தில், நின்ற நிலையில், மெல்லச் சரிந்தார். பலகை பனியில் மாட்டிக்கொண்டு நின்றது. கழன்று கொடுக்கவேண்டிய பூட்டு கொடுக்கவில்லை. கால்தான் முறுகியது. எலும்பு முறிந்த சத்தம் தனக்குக் கேட்டதென்று பெட்ரா பிறகு அழுதாள்.

மருத்துவமனைக்கு மாமா கோழிச் சூப்போடு வந்தார். சூப்பைக் கையில் கொடுத்துவிட்டு ஏசத் தொடங்கினார். “நான் அவ்வளவு இறுக்கி விட்டும் நீ விழுந்து காலை முறிச்சிருக்கிறாய் எண்டால், உனக்கு உது சரிவராது எண்டுதானே அர்த்தம்?”

அம்மா கம்சனாவைப் பார்த்தார். அப்பா யன்னலுக்கு வெளியே பார்த்தார். அன்று வீட்டுக்குப் போன கையோடு கம்சனா பலகைகளை எடுத்துப் பார்த்தாள். எண் தெரியும் சின்னக் கண்ணாடிகளில், முன்பூட்டிலும் பின்பூட்டிலும், குறி ஏழில் நின்றது.

அவள் கொதித்துக்கொண்டு மருத்துவமனைக்குத் திரும்பிப் போனபோது அம்மாதான் அடக்கினார். “விடு பிள்ளை. அண்ணை நல்லதுக்கு எண்டுதான் செய்தவர். நான் எழும்பி நடக்கத் தொடங்கினாப் பிறகு நானே அவரிட்டை கேக்கிறன்.”

அம்மா எழும்பி நடக்கவில்லை. முறிந்த காலில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டது. கட்டிலில் இருந்தபடி தலை வாரி இழுத்துக்கொண்டிருந்தவர் சீப்போடு சாய்ந்துவிட்டார்.

இதெல்லாம் மாமிக்குத் தெரியாதா? தெரியும். கம்சனா பலகையைக் கொண்டுபோய்க் காட்டியிருந்தாள். “ஒரு ஆணிக்குப் பின்னாலை திரியிறாய்” என்றுவிட்டு மாமி அடுப்படிக்குப் போய்விட்டார்.

இப்போது சேலையைக் கணுக்கால் வரைக்கும் இழுத்துவிட்டு மாமி வெளியே போனார். வெளி நடையில் மாமா யாருக்கோ பூவளையம் வைக்கும் இடத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். கம்சனா நேரே அவரிடம் போனாள்.

“மாமா, நீங்கள்தான் அஞ்சலி உரை சொல்லப் போறியளாம்.”

“ஓம். வேறை ஆர் சொல்லுறது? கொப்பர் வாய் திறப்பாரே?”

“சொல்லுங்கோ. ஆனால் சபையிலை அம்மாவிலை பிழை சொல்லாதேங்கோ. நான் கேக்கிறது அது ஒண்டுதான்.”

மாமாவின் முகம் இறுகியது. “நான் என்ன கதைக்கவேணும் எண்டு நீ எனக்குச் சொல்லித் தாறியோ? நான் இல்லாட்டிக் கொம்மா இந்த நாட்டிலையே இல்லை, தெரியுமே?”

“தெரியும். அதுக்காக, அவ செய்யாத பிழையை அவவின்ரை தலையிலை வைக்க ஏலாது.”

“ஒரு ஆணியாலை ஆக்கள் சாகிறேல்லை பிள்ளை. விதி முடிஞ்சுது, போயிட்டாள்.”

விதியாம். சலவை இயந்திரம் ஓடினால் அது மாமாவின் கை. கால் முறிந்தால் மட்டும் விதி! கம்சனா அந்த நேர்மையை நினைத்துப் பல்லைக் கடித்தாள். அப்பா சுவரோரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். முப்பது வருடமாக மனைவியின் தமையனுக்கு முன்னால் பேசாத மனிதர், இன்றைக்கா பேசப் போகிறார் என்று அவளுக்கு அவர்மேலும் ஆத்திரம் வந்தது.

மண்டபம் நிறைந்துவிட்டது. தேவாரம் முடிந்தது. வாய்க்கரிசி போட்டு முடிந்தது. முதியோர் இல்லத்திலிருந்து வந்தவர்கள் பின்வரிசையில் பெட்ராவோடு ஒதுங்கி இருந்தார்கள். மாமா ஒலிவாங்கியைப் பிடித்தார். தங்கச்சியைத் தோளில் தூக்கி வளர்த்ததைச் சொன்னார். ஜேர்மனிக்கு எடுத்த கதையைச் சொன்னார். குரல் உடைந்தது, அது நடிப்பும் இல்லை.

“ஆனால் நான் எவ்வளவு சொல்லியும் என்ரை தங்கச்சி கேக்கேல்லை. வெள்ளைக்காரற்றை விளையாட்டு எங்களுக்கு எதுக்கு? வயசுக்கு ஏத்த மாதிரி வீட்டிலை இருந்திருந்தா இண்டைக்கு இந்தப் பெட்டிக்குள்ளை கிடப்பாளே? பிள்ளையள், இதை ஒரு பாடமா எடுங்கோ.”

முன்வரிசைப் பெண்கள் தலையை ஆட்டினார்கள். கம்சனா எழும்பினாள். மாமி அவளுடைய சேலையைப் பிடித்து இழுத்தார். அவள் இருக்கவில்லை.

“மாமா, அந்தப் பூட்டை இறுக்கினது ஆர் எண்டதையும் சொல்லுங்கோ.”

முன்வரிசைத் தலைகள் அவள் பக்கம் திரும்பின.

“கடையிலை அம்மாவின்ரை நிறை, வயசு எல்லாம் பார்த்து மூண்டரையிலை விட்டவை. விழுந்தாப் பலகை கழண்டு போகவேணும், அதுக்குத்தான் அந்தப் பூட்டு. முதல் தரம் விழேக்கை கழண்டது, அம்மா சிரிச்சுக்கொண்டு வீட்டை வந்தவா. நீங்கள் ஒருதரிட்டையும் கேக்காமல் அதை ஏழுக்கு இறுக்கி விட்டியள். அடுத்த முறை அது கழரேல்லை, கால் முறிஞ்சது. அம்மா பிழை விடேல்லை. அவ்வளவும்தான்.”

“நான் நல்லதுக்குத்தானே...” என்று தொடங்கிய மாமாவின் குரல் ஒலிபெருக்கியில் தேய்ந்தது. அதற்குள் ஆங்காங்கே குசுகுசுப்புக் கிளம்பிவிட்டது. “செத்த வீட்டிலை கதைக்கிற கதையே இது?” “தாய் மாமனையெல்லோ சபையிலை வைச்சு...” “இஞ்சை பிறந்து வளர்ந்ததுகள் இப்பிடித்தான்.” ஒருத்தராவது, ஒரே ஒருத்தராவது, அப்படியா நடந்தது என்று மாமாவைப் பார்த்துக் கேட்கவில்லை. கம்சனா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கதிரையில் இருந்துவிட்டாள்.

கறுப்புக் கோட்டுப் போட்ட மண்டபப் பொறுப்பாளர் பக்கக் கதவால் பெட்டியின் மூடியைக் கொண்டுவந்தார். இன்னொருவரின் உதவியோடு அதைப் பெட்டிமேல் பொருத்தி வைத்தார். மண்டபத்துக்கு எடுத்த நேரம் முடிகிறது, குடும்பத்தில் யாராவது மூடிவிட விரும்புகிறீர்களா என்று தாழ்ந்த குரலில் ஜேர்மனில் கேட்டார். நாலு மூலையிலும் கையால் திருகுகிற பித்தளைத் திருகாணிகள் இருந்தன.

யாரும் கூப்பிடாமலே மாமா முன்னுக்கு வந்தார். கோட்டைக் கழற்றி மாமியிடம் கொடுத்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுத் தலைமாட்டுத் திருகாணியில் கையை வைத்தார்.

“நீங்கள் விடுங்கோ அத்தான்.”

பழக்கமில்லாத குரலாக இருந்ததால் அது அப்பாவுடையது என்று கம்சனாவுக்கு உடனே பிடிபடவில்லை. அப்பா பெட்டிக்கு அந்தப் பக்கத்தில் நின்றார்.

மாமா கையை எடுக்கவில்லை. “உனக்கு உது ஏலாது இரத்தினம். இளகிப் போகும்.”

“போகட்டும்.”

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். பொறுப்பாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மாமா கடைசியில் கையை எடுத்தார்.

அப்பா முதலாவதைத் திருகினார். விரல்கள் வழுக்கின. இரண்டாவதைத் திருகினார். மூன்றாவது சரியாக ஏறாமல் சரிந்து நின்றது. பொறுப்பாளர் உதவிக்குக் கையை நீட்டினார். அப்பா வேண்டாமென்று தலையாட்டினார். சரிந்ததைச் சரிந்தபடியே விட்டுவிட்டு, பெட்டியைப் பிடித்துப் பிடித்துக் கால்மாட்டின் கடைசி மூலைக்கு நடந்தார்.

மாமா மடித்த சட்டைக் கையோடு அந்த இடத்திலேயே நின்றார்.