ஆகம்மா

மார்கழி பிறந்தால் மேற்குமலை தவக்கோலம் பூண்டுவிடும். உச்சியிலிருந்து இறங்கும் வெண்பனி வயலையும் தோப்பையும் ஒருசேரப் போர்த்தி, மாட்டு மணியோசையைக்கூட மெல்லிய முணுமுணுப்பாக்கிவிடும். பூசணிப்பூச் சூடிய கோலங்கள் கதிரவனை எதிர்நோக்கிக் கிடக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் வீதிகளில், நாச்சியார் சந்நிதிக்குப் பாடிச்செல்லும் மகளிர் குரல் ஒன்றே பனியை ஊடுருவி எழும். உறங்கும் உயிரையெல்லாம் இறைவன்பால் எழுப்பும் மாதம் அது.

1938-ஆம் ஆண்டின் மார்கழியில், இராஜபாளையத்தை எழுப்பும் பணியை ஒரு மோட்டார் சைக்கிள் மேற்கொண்டது.

தேவகிருபை ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் ஆஸ்பத்திரியின் பிரசவ நர்ஸ். நாசரேத்துப் பக்கத்திலிருந்து வந்து ஆறு மாதந்தான் ஆகியிருந்தது. மலையடிவாரக் கூமாப்பட்டியிலிருந்து அழைப்பு வந்தால் மாட்டுவண்டியில்தான் போகவேண்டும். அவ்வாறு போனவள், முந்திய மாதம் ஒரு சிசுவின் மூச்சு அடங்கிய பின்னரே வாசலை மிதித்தாள். “உன்னால் ஓட்ட முடிந்த வண்டியாகப் பார், ஆஸ்பத்திரி வாங்கித் தரும். வெள்ளிக்கிழமைக்குள் அமையாவிட்டால் மாட்டுவண்டிதான்” என்று தலைமை டாக்டரம்மா சொல்லிவிட்டார். அந்த வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது.

இராஜபாளையத்தில் பட்டறை வைத்திருந்த அப்துல் ஹமீது ஒரு வாரமாக அவளுக்கு வண்டி ஓட்டப் பழக்கியவர். விலைக்கு வந்திருந்த பெரிய சிவப்பு வண்டியை, பட்டத்து யானையைக் காட்டும் பாகன்போல் அவர் காட்டினார்.

“ஏறி உக்காந்து பாருங்க நர்சம்மா. மகாராணி கணக்கா இருக்கும்.”

“உக்காந்துருவேன் பாய். இறங்குறதுக்கு ஏணி யாரு கொண்டாருவா?”

“கால் எட்டலையோ?”

“பெருவிரல் எட்டுது. மிச்சம் அந்தரத்துல நிக்கி. சாஞ்சா நிமித்த நாலு ஆள் வேணும். பிரசவத்துக்குப் போறவ நாலு ஆளைக் கூட்டிட்டா போக?”

“செத்த நேரம் பொறுங்க, பெட்ரோல் ஊத்துறேன். ஓடுனா கனம் தெரியாது” என்று ஹமீது டின்னை எடுக்க உள்ளே போனார்.

அருகில் சிறிய கறுப்பு வண்டி ஒன்று நின்றது. அதுவும் விலைக்குத்தான் என்று எண்ணினாள் தேவகிருபை. புடவைக் கொசுவத்தை இழுத்துச் செருகி ஏறி அமர்ந்தாள். இரு பாதமும் தரையில் முழுதாகப் பதிந்தன. ஒரே மிதி, வண்டி உயிர்பெற்றது.

அந்த நேரத்தில் வாசலுக்கு வந்தார் அழகர்ராஜா. கறுப்பு வண்டி அவருடையது. பழுதுபார்க்க விட்டிருந்தாரேயன்றி விற்பதற்கன்று. பதற்றம் வந்தால் அவருக்குத் தமிழ் ஓடிப்போகும், வீட்டுத் தெலுங்கே வரும்.

“ஆகம்மா! ஆகம்மா!”

நில்லம்மா என்பது அதன் பொருள். நாசரேத்துக் காதிலோ அது “ஆகும்மா! ஆகும்மா!” என்று விழுந்தது. முன்பின் அறியாத பெரியவர் ஒருவர் உன்னால் ஆகும் என்று ஊக்குவிப்பதைக் கேட்டு நெகிழ்ந்து, அவள் வண்டியை வீதியில் விட்டாள்.

அழகர்ராஜா சிவப்பு வண்டியில் தாவினார். அதில் பெட்ரோலை ஊற்றிய கையோடு, டின்னை விடாமல் ஹமீதும் பின்னால் தொற்றிக்கொண்டார். கண்மாய்க்கரையில் அவளை நெருங்கிய ராஜா “ஆகம்மா!” என்று அலறினார். தேவகிருபை நன்றியோடு தலையசைத்து வேகத்தைக் கூட்டினாள். அவர் அலற அலற அவள் விரைந்தாள். ஏழு மைலும் இவ்வாறே கழிந்து, ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றது.

“எம்புட்டுத் தெம்பு சொன்னீய அய்யா! வழி நெடுக விடவே இல்லையே!” என்றாள்.

“தெம்பா? நிக்கச் சொல்லித் தொண்டை கிழிஞ்சு போச்சும்மா! அது என் வண்டி!”

அவள் முகம் வெளிறியது. இறங்கி, கைப்பிடியை அவர்பக்கம் திருப்பினாள்.

“தெரியாம எடுத்துட்டேன் அய்யா, மன்னிச்சுக்கிடுங்க. சிவப்பு எனக்கு எட்டாது. இனி கூமாப்பட்டிக்கு மாட்டுவண்டிதான். போன மாசம் போய்ச் சேருமுன்னே ஒரு பிள்ளை போயிருச்சு.”

அழகர்ராஜா கறுப்பு வண்டியில் ஏறி மிதித்தார். அது கனைக்கவுமில்லை. ஏழு முறை மிதித்தார். தலைப்பாகை அவிழ்ந்து தோளில் விழுந்தது.

“பாய், இது தினமும் இப்படித்தான். நர்சம்மாவுக்கு எத்தனை மிதி?”

“ஒண்ணுதான் ராஜா.”

“மிதிம்மா, பாப்போம்.”

பெட்ரோல் மிகாதபடி குழாயைச் சற்றே அடைத்து, தேவகிருபை மிதித்தாள். ஒரே மிதியில் வண்டி முழங்கிற்று. ராஜா நெடுநாளாகப் பெட்ரோலை அளவுக்கு மீறித் திறந்துவிடுவதை ஹமீது அறிவார். ஆயினும் அந்தக் கணத்தில் கோபுர தரிசனத்தில் ஆழ்ந்துவிட்டார்.

அழகர்ராஜா தம் வண்டியையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார்.

“பாத்தியா பாய்? மூணு வருஷமா சோறு போட்டவன் நான். ஒரு நாள் பழக்கத்துல அவிய பக்கம் சாஞ்சுட்டுது. நன்றிகெட்ட கழுதை எனக்கு வேண்டாம். சிவப்புக்குச் சொன்ன விலைக்கே இதை ஆஸ்பத்திரி எடுத்துக்கிடட்டும். சிவப்பை நானே வச்சுக்கிடுதேன்.”

அவர் குரல் ஏசியது. கை கறுப்பு வண்டியின் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தது.

தேவகிருபை இயந்திரத்தை நிறுத்தி, முக்காட்டை இழுத்துவிட்டு, வண்டியின்மேல் கைவைத்துத் தலைகுனிந்தாள். உதடுகூட அசையாத ஜெபம். அதைக் கண்ட அழகர்ராஜா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அவள் நிமிரும்வரை வெறுங்காலோடு மண்ணில் நின்றார்.

பிறகு, “போய் வா தாயே” என்றார். “நீ போற வீட்டுலெல்லாம் தொட்டில் ஆடட்டும். பெத்தவளும் பிள்ளையும் நூறு வயசு இருக்கட்டும்.”