நாகம்மாவுக்குக் குளிர்

ரவீந்திரன் பாம்பு வாங்கிக்கொண்டு வந்த அன்று சிறிதேவி குசினியை விட்டு வெளியே வரவில்லை. ஒஸ்லோவில் மோர்டென்ஸ்ருட்டுக்குச் சுரங்க ரயில் ஓட்டுகிற மனிதனுக்குள் இப்படியோர் ஆசை சுருண்டு கிடந்தது அவளுக்குத் தெரியாமலே போய்விட்டது.

"சோளப்பாம்பு. விசமில்லையப்பா. நாய்க்குட்டி மாதிரி."

"நாய்க்குட்டிக்குக் கால் இருக்கு," என்றாள் கதவுக்குப் பின்னாலிருந்து.

மரப்பெட்டிதான் சூட்டைப் பிடித்து வைக்கும் என்று கடைக்காரர் சொல்லியும் கேட்காமல், நாலு பக்கமும் பார்க்கலாமென்று பெரிய கண்ணாடித் தொட்டியை வாங்கி யன்னலோரம் வைத்திருந்தார் ரவீந்திரன். மூடி வெறும் கம்பிவலை. தை மாதக் குளிரில் அடியில் விரித்த சூட்டுப்பாயின் வெப்பமெல்லாம் மேலால் போனது; பாம்பு எலியைத் தொடவில்லை. வீட்டின் காய்ந்த காற்றில் பாம்பின் தோல் துண்டு துண்டாக உரிந்து பாதி ஒட்டிக்கொண்டு நின்றது. தூர நின்று பார்த்த சிறிதேவிக்குத் தன் குதிக்கால் வெடிப்புத்தான் ஞாபகம் வந்தது.

வெள்ளிக்கிழமை மேல்மாடி வசந்தகுமாரி ஒரு கிண்ணம் பாலோடு வந்துவிட்டாள். மதுரைக்காரி, கணவன் மென்பொருள் வேலைக்காக ஒஸ்லோ வந்தவன்.

"ஸ்ரீதேவி, உங்க வீட்டுக்கு நாகம்மா வந்திருக்காங்களாமே!"

"அது அமெரிக்கப் பாம்பக்கா. பால் குடிக்காது."

வசந்தகுமாரி அதைக் காதில் வாங்காமல் தொட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றப் போனவள், கையை வெடுக்கென்று இழுத்தாள். "ஐயையோ, ஃப்ரிட்ஜ் மாதிரி ஜில்லுன்னு இருக்கே! அம்மாவை இப்படியா வெச்சிருக்கீங்க?"

அவள் போனதும் சிறிதேவி கணவனிடம் பாய்ந்தாள். "சிறிதேவி வீட்டுக்கு வந்தவையைக் குளிரிலை விடுறாவாம் எண்டு இனி ஊரெல்லாம் கதைக்கப் போயினம். அந்த டிவி அலுமாரியை எடுங்கோ!"

நல்ல கனத்த மர அலுமாரி. முன்னுக்கு இழுக்கிற கண்ணாடிக் கதவு. ஒருநாளும் பாவிக்காத கோப்பைகளை அவள் வெளியே அடுக்க, ரவீந்திரன் காற்றுக்குத் துளை போட்டார். ஒரு கோடியில் வெளிச்சமில்லாத வெப்ப விளக்கு, பாம்பு சுட்டுக்கொள்ளாமலிருக்க அதைச் சுற்றிக் கம்பிக்கூடு, சூடு கூடினால் தானே அணைக்கிற கருவி.

"ஏன் ஒரு பக்கம் மட்டும்? முழுக்கச் சூடாக்குங்கோவன்."

"கூடச் சுட்டா அது தள்ளிப்போக இடம் வேணுமெல்லோ? நீர் யன்னலைப் பூட்ட, நான் திறக்க, நாங்கள் படுற பாடு அதுக்கும் வேணுமே?"

தோல் ஈரத்தில் முழுசாகக் கழலட்டுமென்று ஐஸ்கிரீம் டப்பாவில் வாசல் வெட்டி ஈரப்பாசி நிரப்பி உள்ளே வைத்தவளும் அவள்தான். பாம்பைத் தூக்கி விட்டது மட்டும் ரவீந்திரன். கண்ணாடிக்குப் பூட்டுப் போட்டு மூன்று தரம் இழுத்துப் பார்த்தாள். டிவி நிலத்துக்கு வந்தது. ரவீந்திரன் குப்புறப் படுத்துக்கொண்டு உதைபந்தாட்டம் பார்க்கப் பழகினார்.

பாம்பு எலி தின்னத் தொடங்கியது. மாசிக் கடைசியில் ஒரு காலை, அவர் வேலைக்குப் போன பிறகு, டப்பாவின் வாசலில் வாலிலிருந்து கண்ணை மூடியிருந்த சவ்வு வரைக்கும் கிழியாத முழுத் தோல் கிடந்தது. பாம்பு மறுகோடியில் பளபளத்துக்கொண்டிருந்தது. சிறிதேவி அவரை எதிர்பார்த்து நிற்கவில்லை. கதவைத் திறந்து, இரண்டு விரலால் அந்தத் தோலை மெல்லத் தூக்கி, மேசையில் நீட்டிப் படமெடுத்து, வடக்குக் கோடியில், பாட்ஸ்பியோர்ட்டில் இருக்கிற தங்கைக்கு அனுப்பினாள்.

"நல்ல வடிவான சொக்ஸ். எங்கை வாங்கினனீ?" என்று பதில் வந்தது.

"வீட்டிலை செய்தது," என்று எழுதினாள் சிறிதேவி.