பின்கட்டு டாக்டர்

கோயில் ஒலிபெருக்கி கரகரவென்று உறுமிவிட்டு அழகுமுத்துவின் பெயரைச் சொன்னது. அன்னதானப் பந்தலில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அவன் மனைவி நிலக்ஷிக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் இன்றைய பூசை அவர்கள் உபயம். உபயகாரர் பெயரையும், எதற்காக உபயம் என்பதையும் மைக்கில் சொல்வது வழக்கம்.

"இந்தப் பூசை," என்று கோயில் தலைவர் முத்துலிங்கம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார், "அழகுமுத்து, நிலக்ஷி தம்பதியினரின் பெண்குழந்தை நோய்நொடி இல்லாம இருக்கக் காரணமா இருந்த, டவுன் ஆஸ்பத்திரி பின்கட்டு கிளினிக் டாக்டர் ஸஹ்லா அம்மையாருக்கு நன்றி தெரிவிச்சு நடத்தப்படுது."

நிலக்ஷியின் கையில் கத்தி அப்படியே நின்றது.

பின்கட்டு கிளினிக் என்றால் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மருந்து கொடுக்கிற இடம். அங்கே எதற்குப் போவார்கள் என்று தெரிந்தவர்கள் தோட்டத்தில் நாலு பேராவது இருப்பார்கள். ஒலிபெருக்கியோ தோட்டத்தின் மூன்று டிவிசனுக்கும் கேட்கும். விஷயம் வெளியே வந்தால் லயத்து வரிசை வீடுகளில் யாரும் பிள்ளையைத் தூக்க மாட்டார்கள். பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு அவள் கொழுந்தெடுக்கப் போகவும் முடியாது. மற்றத் தாய்மார் விடுவார்களா?

பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. அதுதான் டாக்டர் ஸஹ்லாவின் புண்ணியம். கர்ப்பமாக இருந்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் நிலக்ஷிக்கு நோய் இருப்பது தெரிந்தது. பிறகு அழகுமுத்துவுக்கும் பார்த்தார்கள், அவனுக்கும் இருந்தது. இருவரும் டாக்டர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "யாருக்கிட்ட இருந்து யாருக்கு வந்திச்சிண்டு நான் கேக்க மாட்டேன்," என்றார் அவர். "புள்ளைக்கு வராமப் பாத்துக்கொள்ளுவம்." சொன்னபடியே செய்தார். பிள்ளையின் கடைசிப் பரிசோதனையும் நல்லபடியாக வந்த அன்று அழகுமுத்து ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டான்.

இப்போது அவன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாயெல்லாம் பல்லாக ஓடி வந்தான்.

"கேட்டிச்சா, புள்ள?"

"தலைவருக்கிட்ட பின்கட்டுன்னு எதுக்குங்க சொன்னீங்க?" என்று அவள் கிசுகிசுத்தாள்.

"ஆஸ்பத்திரியில ரெண்டு ஸஹ்லா டாக்டர் இருக்காங்கல்ல. நம்ம நன்றி பல்லு டாக்டருக்குப் போயிடக் கூடாதேன்னு..." சொல்லி முடிப்பதற்குள் அவன் முகம் வெளிறிவிட்டது.

சோற்றுக் கிடாரத்தைக் கிண்டிக்கொண்டிருந்த பழனியாண்டி நிமிர்ந்தான். தோட்டத்தில் எல்லார் கதையும் அவனுக்குத் தெரிய வேண்டும்.

"ஏம்ப்பா அழகுமுத்து, பின்கட்டுன்னா அந்த மாதிரி சீக்குக்குப் பாக்குற எடம்ல?"

பந்தலில் பேச்சு அடங்கியது. தேங்காய் திருவிக்கொண்டிருந்த அம்மாக்கண்ணு மட்டும் கையை நிறுத்தவில்லை. கொழுந்து மலையில் அவள் வாய்க்குக் கங்காணியே பயப்படுவார். நிலக்ஷி அவளையே பார்த்தாள். இவளும் சேர்ந்துகொண்டால் தீர்ந்தது கதை.

"யோவ், மாசமா இருக்கிற பொம்பளைங்க ரத்தமெல்லாம் சோதிக்க அங்கதான் போவுது," என்றாள் அம்மாக்கண்ணு. "ஒம் பொண்டாட்டி நாலு பெத்தாளே, நாலு தடவையும் அவ ரத்தம் அங்க போயிருக்கு. அப்ப ஒனக்கு என்ன சீக்கு?"

"எனக்கு என்ன சீக்கு? எனக்கு ஒண்ணுமில்ல."

"வாய் இருக்குல்ல, அதுதான் சீக்கு. சோத்தக் கிண்டுய்யா, அடிப்பிடிக்குது."

பந்தல் சிரித்தது. பழனியாண்டியும் சிரித்துவிட்டுக் கரண்டியைப் பிடித்தான். நிலக்ஷி மறுபடியும் கத்தரிக்காயை நறுக்கத் தொடங்கினாள்.

அந்த நேரம் பார்த்துக் கோயிலடியில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. தலையில் முக்காடும் கையில் குடையுமாக டாக்டர் ஸஹ்லா இறங்கினார். அழகுமுத்து அழைத்தபோது, வருவார் என்று அவனே நம்பவில்லை. முத்துலிங்கம் ஓடிப்போய் நாற்காலி போட்டார். டாக்டர் அழகுமுத்துவின் தோளில் இருந்த பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"தேத்தண்ணி மட்டும் போதும்," என்றார்.

அம்மாக்கண்ணுதான் கொண்டுவந்து கொடுத்தாள். "அம்மா எந்த ஊருங்க?"

"கினிகத்தேனை. வாப்பா அங்க கடை வெச்சிருந்தாரு."

"அப்ப நம்ம பக்கந்தான்," என்று சொல்லிவிட்டு அவள் தேங்காயிடம் திரும்பிப் போனாள்.

மற்றவர்கள் விலகியதும் நிலக்ஷி குனிந்து, "மன்னிச்சுக்குங்கம்மா. இவரு வெகுளியா ஒளறிட்டாரு," என்றாள்.

"ரோட்டுல வரக்கொள்ளவே எனக்குக் கேட்டிச்சு. ஒங்களை நெனச்சுப் பயந்துதான் போனேன்," என்றார் டாக்டர், பிள்ளை இழுத்த முக்காட்டைச் சரிசெய்தபடி. "ஆனா அவருக்கு ஏசாதீங்க, மகள். என்ட வேலையில நன்றி சொல்ற ஆக்கள் கதவச் சாத்திட்டுத்தான் சொல்லுவாங்க. மைக்குல கேட்டது இண்டைக்குத்தான்."

அவர் கண் கலங்கியிருந்தது. நிலக்ஷி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரும் கையை எடுக்கவில்லை.

பொழுது சாய டாக்டர் புறப்பட்டுப் போனார். பெண்கள் பீலிக் குழாயில் கொட்டும் ஊற்றுத் தண்ணீரில் பாத்திரம் கழுவினார்கள். ஒவ்வொருவராகக் கலைந்து, கடைசியில் நிலக்ஷியும் அம்மாக்கண்ணுவும்தான் மிஞ்சினார்கள்.

"அக்கா," என்றாள் நிலக்ஷி, "நீங்க மட்டும் இன்னைக்கு வாயத் தொறக்கலைன்னா எங்க கதி என்னாயிருக்கும்? எங்களுக்காக எதுக்குக்கா பேசினீங்க?"

அம்மாக்கண்ணு கிடாரத்தைக் கவிழ்த்து வைத்தாள். பாதையில் யாரும் வருகிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"நீ செவ்வாக்கெழமயில டவுனுக்குப் போற, நா வெள்ளிக்கெழமயில போறேன், ஒரே லயத்துல இருக்கிற நம்ம ரெண்டு பேரையும் இத்தன நாளா அந்தப் பின்கட்டுல ஒருத்தர் கண்ணுல ஒருத்தர் படாமப் பாத்துக்கிட்டது யாருன்னு நெனைக்கிற?"