வலது கால் சத்தம்

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் மூன்று மாடி லாட்ஜுக்குக் கலையரசன்தான் மேனேஜர். பதினெட்டு வருடம் நாற்காலியில் உட்கார்ந்து வளர்த்த தொப்பையைக் கரைக்கப் போன வருடம் ஓட ஆரம்பித்தார். வாரத்துக்கு இருபது கிலோமீட்டர், யாருக்கும் தொந்தரவில்லாமல். மனைவி சரோஜாவின் தம்பி பிரசாத்தும் செங்கம் ரோட்டில் ஓட ஆரம்பித்ததோடு அந்த நிம்மதி போயிற்று. ஓடிய தூரத்தைக் கூட்டிக் காட்டும் ஆப்பை இருவர் போனிலும் ஏற்றியவன் அவன்தான்.

"மாமா, இந்த வாரம் நான் முப்பத்தெட்டு. நீங்க?"

அடுத்த வாரம் கலையரசன் நாற்பது ஓடினார். அதற்கடுத்த வாரம் ஐம்பது என்று முடிவு செய்துகொண்டார். இருவரும் பேர் கொடுத்திருந்தது என்னவோ தை மாதம் நடக்கவிருந்த பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குத்தான். அதை இருவருமே மறந்துவிட்டார்கள்.

வலது கணுக்காலுக்கு மேலே, எலும்பை ஒட்டி, ஒரு வலி வந்து உட்கார்ந்துகொண்டது. கலையரசன் வாயைத் திறக்கவில்லை.

"ஏங்க, மாடிப்படிய எதுக்கு நண்டு மாதிரி எறங்குறீங்க?" என்றாள் சரோஜா.

"அது ஒரு எக்சர்சைஸ்."

"ஏறும்போது 'அம்மா'ங்கிறீங்களே, அதுவுமா?"

வெள்ளிக்கிழமை காலை கிரிவலப் பாதையில் ஓடி, அடி அண்ணாமலையில் தனத்தின் தோசைக் கடையில் வழக்கம்போல நின்றார். டீ தயாராக இருந்தது. ஒவ்வொரு முறையும் எப்படி இவ்வளவு சரியாகப் போட்டு வைக்கிறாள் என்று அன்றைக்குத்தான் கேட்கத் தோன்றியது.

"நீங்க வர்ற சத்தம் முன்னாடியே கேட்டுடுது சார். வலது காலு தொம்முனு விழும். இடது காலு இருக்கிறதே தெரியாது."

கலையரசனுக்குச் சுருக்கென்றது. கையில் கட்டியிருந்த வாட்சைப் பார்த்தார். நாடித் துடிப்பு இருந்தது, காலடி எண்ணிக்கை இருந்தது, தொம் மட்டும் அதில் இல்லை.

"ஓடிக் காட்டுறேன்க்கா. கேட்டுச் சொல்லுங்க."

கடை முன்னால் இப்படியும் அப்படியும் ஓடினார்.

"தொம்தான் சார்."

முழங்காலைத் தூக்கித் தூக்கி ஓடினார். "இப்ப ரெண்டு காலும் தொம்." நுனிக்காலில் ஓடிப் பார்த்தார். தோசைக்குக் காத்திருந்த பால்காரர், "கோழி திருடப் போற மாதிரி இருக்கு சார்" என்றார், சிரிக்காமல்.

தனம் தோசைத் திருப்பியை நீட்டினாள். "அது இருக்கட்டும். வலது கைய எதுக்கு பாக்கெட்டோட ஒட்டி வச்சிருக்கீங்க?"

கலையரசன் குனிந்து பார்த்தார். உண்மைதான். பாக்கெட்டுக்குள் லாட்ஜின் சாவிக்கொத்து. அது குலுங்காமல் இருக்க, மாதக்கணக்கில் அந்தக் கை தானாகவே அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. தன்னுடைய கை செய்வது தனக்கே தெரியாமல் இருந்ததை நினைத்து அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. கை வீசாததால் அந்தப் பக்கத்துக் கால் எட்டிப் போய், குதிகாலால் தரையை அறைந்திருக்கிறது.

சாவிக்கொத்தைக் கடை மேசைமேல் வைத்தார். இரண்டு கையையும் வீசி, அடியைச் சின்னதாக்கி, பாதம் உடம்புக்கு நேர் கீழே விழும்படி ஓடினார். தனம் கண்ணை மூடிக் கேட்டாள்.

"சார், ஓடுறீங்களா, நின்னுட்டீங்களா?"

அந்தச் சந்தோஷத்தில் மீதி ஆறு கிலோமீட்டரையும் ஓடியே லாட்ஜுக்கு வந்து சேர்ந்தார். வந்தால் தொட்டியில் தண்ணீர் இல்லை. மோட்டார் அறைக்குப் பூட்டு. சாவி தோசைக் கடையில்.

இரண்டாவது மாடியிலிருந்து பெங்களூர்க்காரர் ஒருவர் துண்டோடு எட்டிப் பார்த்தார். தலை முழுக்க சோப்பு நுரை. "சார், கண்ணு எரியுது."

கலையரசன் குடிதண்ணீர் கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடியேறினார். கண்ணை மூடி நின்ற மனிதரின் தலையில் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு, காலி கேனோடு இறங்கும்போது வலது கால் மறுத்துவிட்டது. படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் தனம் மொபெட்டில் வந்து சாவியைக் கையில் கொடுத்தாள்.

"கடைய பால்காரர்கிட்ட உட்டுட்டு வந்தேன். எத்தினி தோசைய கருக்கினாரோ."

டாக்டர் எலும்பு ஓரத்தை அமுக்கிப் பார்த்தார். "ஓடுற விதத்த மாத்துனது சரி. ஆனா மூணு வாரத்துல இருபத ஏன் அம்பது ஆக்கினீங்க? காலுக்கு டைம் வேணாமா?"

மச்சானால் என்று எப்படிச் சொல்வது? கலையரசன் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார்.

இரண்டு வாரம் ஓட்டம் கிடையாது. ஆப்பில் பூஜ்யத்தைக் கண்டு பிரசாத் போன் செய்தான். கலையரசன் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார்.

"மாமா, எனக்கும் பத்து நாளா குதிகால் வலி. நீங்க ஜாஸ்தி பண்ணிக்கிட்டே போனீங்களா, சொல்ல முடியல."

ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கு வந்தபோது, யார் முதலில் ஆப்பை அழிப்பது என்று இருவரும் அரைமணி நேரம் வாதாடினார்கள். சரோஜா இரண்டு போனையும் பிடுங்கி, இரண்டிலும் அழித்துவிட்டுச் சாம்பாருக்குத் தாளிக்கப் போனாள்.

வாரத்துக்குப் பத்தில் மறுபடி ஆரம்பித்து, வலி இல்லாத வாரங்களில் மட்டும் ஒன்றிரண்டு கூட்டி, தை மாதம் கலையரசன் போட்டியில் ஓடி முடித்தார். பிரசாத் இரண்டு நிமிடம் முந்திவிட்டான். அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது.

மறுநாள் காலை கண் விழித்ததும், படுத்தபடியே கால் விரலிலிருந்து கழுத்து வரை ஒவ்வொரு இடமாக அசைத்துப் பார்த்தார்.

"இன்னா தேடுறீங்க?" என்றாள் சரோஜா.

"வலிய."

"கெடைச்சுதா?"

"எங்கயும் இல்ல."

"அப்ப எழுந்து போர்வைய மடிங்க."